கொழும்பு வளவுகளில் பழ ஈக் கண்காணிப்பு: பொறி கட்டுவது முதல் கணக்கு வைப்பது வரை

மாம்பழத்தை வெட்டியதும் உள்ளே வெள்ளைப் புழு துள்ளுகிறது என்றால், அந்தப் பழத்தில் ஈ முட்டையிட்டு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எந்த மருந்தாலும் அந்தப் பழத்தைக் காப்பாற்ற முடியாது. ஈ எப்போது பெருகுகிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அடுத்த பழத்தைக் காப்பாற்றலாம். கண்காணிப்பு அதற்குத்தான். வெள்ளவத்தையில் வீட்டுக்குப் பின்னால் ஒற்றை மாமரம் வைத்திருப்பவருக்கும், ஹோமாகமை, பாதுக்கைப் பக்கம் ஓரிரு ஏக்கரில் கொய்யாவும் ரம்புட்டானும் வைத்திருப்பவருக்கும் முறை ஒன்றுதான். பொறிகளின் எண்ணிக்கை மட்டுமே மாறும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இங்கே சொல்லும் பொறி ஈயை எண்ணுவதற்கானது. ஒரு பொறியைக் கட்டிவிட்டு, அதில் ஈ நிறைய விழுகிறது, இனிப் பழம் தப்பிவிடும் என்று இருப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அதில் விழுபவை ஆண் ஈக்கள். பழத்தில் முட்டையிடுவது பெண் ஈ. ஓர் ஆண் பல பெண்களோடு சேரும் என்பதால், நூறு ஆண்களைப் பிடித்தாலும் எஞ்சிய சில ஆண்களே போதும். ஒரே மாதிரியான பொறியை, ஒரே இடத்தில், ஒரே நாளில், வாரம் தவறாமல் பார்த்து எழுதி வைத்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

எந்த ஈ, எங்கிருந்து வந்தது

கொழும்பில் மா, கொய்யா, ஜம்பு, பப்பாளி, காமரங்கா எல்லாவற்றையும் கெடுப்பதில் முதலிடம் பக்ட்ரோசெரா டோர்சாலிஸ் என்ற கீழைத்தேயப் பழ ஈக்கு. ஆசியாவைச் சேர்ந்த இந்த ஈ 2003 இல் கென்யாவில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு சில ஆண்டுகளிலேயே ஆபிரிக்காவின் பெரும்பகுதிக்குப் பரவியது. 2005 இல் அதை புதிய இனமாகக் கருதி பக்ட்ரோசெரா இன்வேடன்ஸ் என்று பெயரிட்டார்கள். அதே வடிவம் இலங்கையிலும் இருந்ததால், இங்கிருந்து போயிருக்கலாம் என்ற கருத்தும் எழுந்தது. 2015 இல் இரண்டும் ஒரே இனம் என்று முடிவாகி, பழைய பெயரே நிலைத்தது. ஓர் ஊரின் பழகிய பூச்சி கடல் கடந்தால் இன்னொரு ஊரின் பேரழிவாக முடியும் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று நமக்கு இல்லை. இந்த வழி இரு பக்கமும் திறந்தது. துறைமுகமும் விமான நிலையமும் பக்கத்தில் இருக்கும் கொழும்பில், இங்கே இல்லாத ஈ ஒன்று வந்து இறங்கினால் அது முதலில் சிக்கக்கூடிய இடம் நம் வளவுப் பொறிதான்.

டோர்சாலிஸ் தவிர, அதே பக்ட்ரோசெரா வகையில் வேறு பழ ஈக்களும் உண்டு: கொய்யாவில் கொரெக்டாவும், பீச், மா, கொய்யா ஆகியவற்றில் சோனாட்டாவும், நம் நாட்டுக்கே உரிய கண்டியென்சிஸும். பாகல், புடோல், வெள்ளரி, பூசணி போன்ற கொடிக் காய்களைத் தாக்குவது சூகோடேக்கஸ் குக்கர்பிட்டே என்ற வேறு ஈ.

ஈயின் நாட்கணக்கு

பெண் ஈ பழத்தோலைத் துளைத்து, ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள வெள்ளை முட்டைகளைக் கொத்தாக இடும். ஒன்றிரண்டு நாளில் அவை பொரிக்கும். புழு ஒரு வாரமளவில் சதையைத் தின்று வளர்ந்து, பழத்தைத் துளைத்துக்கொண்டு வெளியேறி, மண்ணில் சில சென்ரிமீற்றர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். அங்கே சுமார் பத்து நாள். வெளிவரும் ஈ உடனே முட்டையிடாது. அதற்கு இன்னும் ஒரு வாரம் பத்து நாள் இரை தின்று முதிர வேண்டும். கூட்டிப் பார்த்தால் முட்டையிலிருந்து அடுத்த முட்டைக்கு ஏறத்தாழ ஒரு மாதம். கொழும்பில் வெப்பம் ஆண்டு முழுவதும் 27, 28 பாகை செல்சியசை ஒட்டியே இருப்பதால் குளிர்கால இடைவேளை என்று எதுவும் இந்த ஈக்கு இல்லை.

இந்த ஒரு மாதக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று ஜம்பு மரத்தடியில் அழுகிக் கிடக்கும் பழங்களிலிருந்து புறப்படும் ஈ, ஒரு மாதம் கழித்து முற்றிவரும் மாங்காயில் முட்டையிடும். மாம்பழக் காலத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னரே பொறி மரத்தில் தொங்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். பழம் விழத் தொடங்கிய பிறகு கட்டினால், எண் ஏறிக்கொண்டு போகிறதா, ஏறி முடிந்துவிட்டதா என்றே தெரியாது.

எந்த வாசனைக்கு எது வரும்

மெதைல் யூஜினோல் என்ற திரவத்துக்கு டோர்சாலிஸ், கண்டியென்சிஸ், சோனாட்டா, கொரெக்டா ஆகியவற்றின் முதிர்ந்த ஆண்கள் வரும். இதன் இழுவை மிகப் பலமானது. சில நூறு மீற்றர் தொலைவிலிருந்தும் ஈ வரும். கியூ லூர் என்ற திரவத்துக்குக் கொடிக்காய் ஈயின் ஆண்கள் வரும். இரண்டையும் ஒரே பொறியில் போடாதீர்கள். ஒன்றின் வாசனை மற்றதைக் குழப்பும், எண்ணுவதும் சிக்கலாகும். தனித்தனிப் பொறி, தனித்தனி மரம்.

மூன்றாவது, புரத இரை. இதற்கு இரு பாலும் வரும், குறிப்பாக முட்டைக்காகப் புரதம் தேடும் பெண் ஈக்கள். டொருலா ஈஸ்ட் வில்லைகள் கிடைத்தால் அரை லீற்றர் தண்ணீருக்கு நாலு வில்லை கரைத்து, அடியில் திறப்புள்ள மெக்பெயில் வகைப் பொறியில் ஊற்றுவார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் மாற்ற வேண்டும், நாற்றமும் உண்டு, வேறு ஈக்களும் ஏராளமாக விழும். வெதுப்பக ஈஸ்டையும் சீனியையும் கரைத்து வைப்பதும் வேலை செய்யும். ஆனால் புளிப்பு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி இருப்பதால் வாரத்துக்கு வாரம் ஒப்பிட முடியாது. புதிதாகத் தொடங்குபவர் மெதைல் யூஜினோல் பொறியோடு தொடங்குவதே நல்லது. புரத இரையைப் பழகிய பிறகு சேர்க்கலாம்.

திரவம் கிடைக்கும் வரை துளசி கைகொடுக்கும். சிங்களத்தில் மதுருதலா என்று சொல்லும் அதே செடிதான். அதன் இலையில் மெதைல் யூஜினோல் இயற்கையாகவே உண்டு. ஒரு பிடி இலையைக் கசக்கிப் போத்தலில் போட்டால் சில நாளுக்கு ஆண் ஈக்கள் வரும். ஈ இருக்கிறதா இல்லையா என்று பார்க்க இது போதும். எண்ணி ஒப்பிடப் போதாது. இதே காரணத்தால், வளவில் துளசி மாடம் இருந்தால் பொறியை அதற்குப் பக்கத்தில் கட்டாதீர்கள்.

பொறி செய்தல்

கடையில் வாங்கும் பொறி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தண்ணீர்ப் போத்தலே போதும். எல்லாப் பொறியும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே துளை என்று இருக்க வேண்டும் என்பதுதான் கண்டிப்பான விதி.

1. தெளிவான ஒரு லீற்றர் போத்தலைக் கழுவி, லேபலைக் கிழித்து எடுங்கள்.

2. மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கிய இடத்தில், சம இடைவெளியில் மூன்று துளைகள் போடுங்கள். ஒவ்வொன்றும் 1.5 சென்ரிமீற்றர் அகலம். சூடாக்கிய கம்பியால் சுற்றி வரைந்தால் வெடிக்காமல் வரும். கத்தியால் குத்தினால் பிளாஸ்டிக் கிழியும்.

3. அதே அகலமுள்ள மின்கம்பிக் குழாயை 3 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டித் துளைகளில் செருகுங்கள். பெரும்பகுதி உள்ளே இருக்கட்டும். வெளிநுனி சற்றுக் கீழ்நோக்கிச் சரிந்தால் மழை உள்ளே வராது. இந்தக் குழாய் இல்லாத வெறும் துளையில் நுழையும் ஈக்களில் ஒரு பகுதி அதே வழியில் வெளியேறிவிடும். வீட்டுப் பொறிகளில் எண் குறைவாக வருவதற்கு முதல் காரணம் இதுதான்.

4. மூடியின் நடுவில் சிறு துளையிட்டுக் கல்வனைஸ் கம்பியைச் செலுத்துங்கள். மேல்நுனி கொக்கி. கீழ்நுனியில், குழாய் வாய்களின் மட்டத்துக்கு வருமாறு, பெருவிரல் நுனியளவு பஞ்சை இறுக்கிக் கட்டுங்கள்.

5. கையுறை போட்டுக்கொண்டு, மருந்துக் குழாயால் 1 முதல் 2 மில்லிலீற்றர் திரவத்தைப் பஞ்சில் ஊறவிடுங்கள். சொட்டக்கூடாது.

6. போத்தலில் 150 மில்லிலீற்றர் தண்ணீர், அதில் சில துளி மணமற்ற பாத்திரம் கழுவும் திரவம். சவர்க்காரம் இல்லாவிட்டால் ஈ தண்ணீரின் மேல் நின்று தப்பிவிடும்.

ஐந்தாவது படியில் கவனம் தேவை. மெதைல் யூஜினோல் மனிதரில் பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்ற வகையில் 2023 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் சேர்த்திருக்கிறது. வெறுங்கையால் தொட வேண்டாம், சமையலறையில் வைத்துச் செய்ய வேண்டாம், பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். கண்ணாடிப் போத்தலில், இறுக மூடி, நிழலில் வையுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. திரவம் பட்ட கையால் போத்தலின் வெளிப்புறத்தைத் தொட்டால் ஈக்கள் அங்கேயே மொய்த்துக்கொண்டு நிற்கும், உள்ளே போகாது. வெளியே ஈ மொய்க்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இதுதான். அந்தப் போத்தலை எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். கழுவிப் பயனில்லை.

எங்கே கட்டுவது

10, 15 பேர்ச் வளவுக்கு ஒரு பொறி போதும். ஓர் ஏக்கர் தோட்டத்துக்கு இரண்டு, ஒன்று நடுவில், ஒன்று வேலியோரம். எண்ணுவதற்கு இதற்கு மேல் கட்டிப் பயனில்லை. வேலை கூடுமே தவிரத் தகவல் கூடாது.

காய் பிடிக்கும் மரத்தின் கிளையில், நிலத்திலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் உயரத்தில், இலை நிழல் விழும் இடத்தில் தொங்கவிடுங்கள். நேர்வெயில் பட்டால் திரவம் சீக்கிரம் ஆவியாகும், தண்ணீரும் வற்றும். அடர்ந்த இலைக்குள் மறைந்தாலும் வாசனை பரவாது. பொறியைச் சுற்றி ஒரு முழ அளவுக்கு இலை, சுள்ளியை வெட்டிவிடுங்கள். இலை தொடும் பொறிக்கு எறும்பு ஏறும்.

எறும்பு பெரிய தொல்லை. விழுந்த ஈக்களை அவை இழுத்துக்கொண்டு போய்விடும். நீங்கள் பார்க்கும் போது நாலு சிறகும் இரண்டு காலும்தான் மிச்சம் இருக்கும், எண் பொய்யாகிவிடும். தொங்கும் கம்பியில் பத்து சென்ரிமீற்றர் நீளத்துக்குக் கிரீஸ் பூசுங்கள், மழைக்குப் பிறகு திரும்பப் பூசுங்கள். மரத்தில் முசுறு கூடு கட்டியிருந்தால் கூட்டை எரிக்காதீர்கள். முசுறு திரியும் மரத்தில் பழ ஈ குறைவாக முட்டையிடுகிறது என்பது ஆபிரிக்க, அவுஸ்திரேலிய மாந்தோப்புகளில் உறுதியான விடயம். பொறியை அடுத்த மரத்துக்கு மாற்றிவிடுங்கள், முசுறு தன் வேலையைச் செய்யட்டும்.

கட்டிய பிறகு இடத்தை மாற்றாதீர்கள். இந்த வாரம் ஈ இல்லையே, அந்தப் பக்கம் கட்டிப் பார்ப்போம் என்று நகர்த்தினால் அதுவரை எழுதிய கணக்கு வீண்.

தண்ணீரும் நுளம்பும்

கொழும்பில் வளவில் தண்ணீர் தேங்கவிடுவது சிறிய விடயமல்ல. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். சவர்க்காரம் கலந்த தண்ணீரில் குடம்பி பிழைக்காது என்றாலும், மழைத் தண்ணீர் சேர்ந்து சவர்க்காரம் நீர்த்துப் போகலாம். ஆகவே ஏழு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை முழுவதும் ஊற்றிவிட்டுப் புதிது விடுங்கள். ஊருக்குப் போய் இரண்டு வாரம் இருக்கப் போகிறீர்கள் என்றால் பொறியைக் கழற்றிக் காயவைத்துவிட்டுப் போங்கள். அந்த இடைவெளியைக் கொப்பியில் குறித்தால் போதும். சுகாதாரப் பரிசோதகர் வந்து போத்தலைப் பார்த்துக் கேட்டால், வாராவாரம் மாற்றும் திகதிகள் அதே கொப்பியில் இருக்கும்.

வாராந்தச் சோதனை

வாரத்தில் ஒரு நாளைத் தெரிவு செய்து, காலையில் ஒரே நேரத்தில் பாருங்கள். டோர்சாலிஸ் ஆண்கள் மெதைல் யூஜினோலைத் தேடி அதிகம் வருவது காலையில்தான். ஒரு வாரம் காலையிலும் அடுத்த வாரம் மாலையிலும் பார்த்தால் ஒரு காலைப் பிடிப்பு கூடவோ குறையவோ சேர்ந்துவிடும்.

தண்ணீரைத் தேநீர் வடியில் ஊற்றி, சேர்ந்ததை வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். இதற்கென்று தனி வடி வையுங்கள். பழ ஈ அல்லாதவற்றை ஒதுக்கிவிட்டு எண்ணுங்கள். நூற்றுக்கணக்கில் விழும் வாரங்களில், முதல் நூறு ஈயை மட்டும் எண்ணி, மருந்து அளக்கும் சிறு கிண்ணத்தில் போட்டு மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைக் கிண்ணத்தால் அளந்தால் போதும்.

பிறகு கணக்கு. பிடிபட்ட மொத்த ஈயை, பொறிகளின் எண்ணிக்கையாலும் நாட்களாலும் வகுக்க வேண்டும். வருவது ஒரு பொறிக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஈ என்ற எண். உலகம் முழுவதும் பழ ஈக் கண்காணிப்பில் பயன்படுத்தும் அளவு இதுதான். மூன்று பொறி, ஏழு நாள், 126 ஈ என்றால் 126 ஐ 21 ஆல் வகுத்து 6. ஒரு பொறி காற்றில் விழுந்து கிடந்தது, மற்ற இரண்டிலும் 84 ஈ என்றால் 84 ஐ 14 ஆல் வகுக்க வேண்டும், அப்போதும் 6. மறந்துபோய் 21 ஆல் வகுத்தால் 4 வரும், ஈ குறைந்துவிட்டது என்று தப்பாக நினைத்துவிடுவீர்கள். வேலை செய்த பொறிகளை மட்டுமே கணக்கில் சேருங்கள்.

கொப்பியில் திகதி, பொறி இலக்கம், நாட்கள், எண், அந்த வார மழை, மரத்தில் காயின் பருவம், பஞ்சு மாற்றிய வாரமா என்பவற்றை எழுதுங்கள். கடைசி விபரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திரவம் நாலு முதல் எட்டு வாரம் நிற்கும். கொழும்பு வெக்கைக்கு ஆறு வாரத்தில் பஞ்சை மாற்றுவது பாதுகாப்பு. புதிய பஞ்சு போட்ட வாரத்தில் எண் திடீரென ஏறும். அது ஈ பெருகியதால் அல்ல, வாசனை பலமானதால். இரண்டு பொறி இருந்தால் இரண்டுக்கும் ஒரே வாரத்தில் மாற்றாமல், ஒன்றுக்கு இன்று, மற்றதற்கு மூன்று வாரம் கழித்து என்று மாற்றுங்கள். அப்போது உண்மையான ஏற்றம் இரண்டிலும் தெரியும், பஞ்சின் ஏற்றம் ஒன்றில் மட்டும் தெரியும். பழைய பஞ்சை வளவில் எறியாதீர்கள். அதுவும் ஈயை இழுக்கும். பொலித்தீனில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

மேயிலிருந்து செப்டெம்பர் வரையான தென்மேல் பருவமழையிலும், ஒக்டோபர், நவம்பர் மாலை மழைகளிலும் அடைமழை பெய்யும் வாரத்தில் எண் விழும். ஈ பறக்காததால் வரும் வீழ்ச்சி அது, ஈ செத்ததால் அல்ல. மழை விட்ட வாரத்தின் எண்ணையும் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

தட்டில் கிடப்பது எது

டோர்சாலிஸ் 7 மில்லிமீற்றர் அளவு, வீட்டு ஈயைவிட ஒடுங்கியது, பார்த்தவுடன் குளவியோ என்று தோன்றும். கைவில்லையால் பாருங்கள். கரிய முதுகின் இரு பக்கமும் இரண்டு மஞ்சள் கோடுகள். முதுகு முடியும் இடத்தில் மஞ்சள் முக்கோணம். வயிற்றின் மேல் ஆங்கில எழுத்து டீ வடிவில் கறுப்புக் குறி. சிறகு கண்ணாடி போலத் தெளிவு, முன்விளிம்பில் மட்டும் ஒடுங்கிய கரும்பட்டி. கொடிக்காய் ஈ செம்பழுப்பு, முதுகில் நடுவிலும் ஒரு மஞ்சள் கோடு இருப்பதால் மூன்று கோடு, சிறகிலும் கறை. சோனாட்டாவில் சிறகின் பட்டி முழுதாக ஓடாது, நுனியில் ஒரு புள்ளியாக நிற்கும். வாழைப்பழத் தட்டைச் சுற்றும் 3 மில்லிமீற்றர்க் குட்டி ஈ இவற்றில் சேராது. அது புளித்த பழத்தைத் தேடி வருவது.

டோர்சாலிஸையும் கண்டியென்சிஸையும் கைவில்லையால் பிரிக்க முயல வேண்டாம். நிபுணருக்கே நேரம் எடுக்கும் வேலை. வளவுக் கணக்கில் இரண்டையும் ஒன்றாக எழுதுவதில் தவறில்லை.

பழத்தையும் பாருங்கள்

பொறி வளவைச் சுற்றியுள்ள ஈயைச் சொல்கிறது. உங்கள் பழத்துக்கு என்ன நடக்கிறது என்பதைப் பழம்தான் சொல்லும். பக்கத்து வீட்டுக் கொய்யாவிலிருந்தும், தெருவோரம் நிற்கும், சிங்களத்தில் கொட்டம்பா என்று சொல்லும் நாட்டு வாதுமையிலிருந்தும் வரும் ஈயும் உங்கள் பொறியில் விழும். கொட்டம்பாப் பழம் இந்த ஈக்கு மிக விருப்பமான இருப்பிடம். கொழும்பு வீதிகளில் அதற்குக் குறைவில்லை.

வாரம் ஒருமுறை மரத்தின் நாலு பக்கமும் ஐந்தைந்தாக 20 பழத்தைப் பாருங்கள். ஊசி குத்தியது போன்ற புள்ளி, அதிலிருந்து கசிந்து காய்ந்த பிசின், சுற்றிலும் மெதுவாகிய தோல் ஆகியவை ஈ குத்திய அடையாளம். புள்ளிக்குக் கீழே தோலை மெல்லிதாகச் சீவினால் முட்டைக் கொத்து தெரியும். பரந்த கரும்புள்ளிகள் அந்திரக்னோசு என்ற பூஞ்சண நோயாக இருக்கலாம். வெளியே ஒன்றும் தெரியாமல் கொட்டைக்குள் மட்டும் புழு இருந்தால் அது மாங்கொட்டை வண்டு. அதற்கு இந்தப் பொறியால் எந்தப் பயனும் இல்லை.

உறுதி செய்ய விரும்பினால் வளர்த்துப் பாருங்கள். விழுந்த பழங்களை நிறுத்து, அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு உலர்ந்த மணல் பரப்பிய பெட்டியில் வைத்து, நுண்ணிய துணியால் வாயை இறுகக் கட்டி நிழலில் விடுங்கள். பத்து நாள் கழித்து மணலை அரித்தால் 5 மில்லிமீற்றர் நீளத்தில் பழுப்பு நிறப் பீப்பாய் போன்ற கூட்டுப்புழுக்கள் கிடைக்கும். ஒரு கிலோ பழத்துக்கு எத்தனை என்று எழுதுங்கள். எந்த மரம் ஈயைப் பெருக்குகிறது என்பது இதில்தான் வெளிச்சமாகும். பல வளவுகளில் குற்றவாளி மாமரமாக இருக்காது, யாரும் பறிக்காமல் விட்ட ஜம்புவாக இருக்கும்.

எண் ஏறினால் செய்ய வேண்டியது

பெரும் பரப்புத் திட்டங்களில் ஒரு பொறிக்கு நாளைக்கு 1 ஈக்கு மேல் என்றால் தொற்றுள்ள இடம் என்று கொள்வார்கள். கொழும்பு வளவில் மெதைல் யூஜினோல் பொறி அந்த எல்லையை எளிதாகத் தாண்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் சொந்தக் கணக்கில் எண் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிறதா என்பதைப் பாருங்கள். இரட்டிப்பாகும் நேரத்தில் மரத்தில் காய் இன்னும் பச்சையாகக் கல்லுப் போல இருந்தால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.

அந்த அவகாசத்தில் முதல் வேலை உறை போடுவது. மாங்காய் முட்டை அளவிலும் கொய்யா தேசிக்காய் அளவிலும் இருக்கும் போது, இரட்டைப் பத்திரிகைத் தாளையோ பழுப்புக் காகிதப் பையையோ காம்போடு சேர்த்துக் கட்டுங்கள். பொலித்தீன் பை நம் ஈரப்பதனுக்கு ஏற்றதல்ல, உள்ளே வியர்த்துப் பழம் அழுகும். ஈ குத்திய காய்க்கு உறை போடுவதும் வீண், புழு உள்ளேயே வளரும்.

இரண்டாவது, விழுந்த பழம். இரண்டு நாளுக்கு ஒருமுறை பொறுக்குங்கள். புழு மண்ணுக்குள் இறங்குவதற்கு முன் பொறுக்கினால்தான் அந்தத் தலைமுறை அறும். பொறுக்கியதைக் கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி இரண்டு வாரம் வெயிலில் விடுங்கள், அல்லது இரண்டு அடிக்கு மேல் ஆழமாகப் புதையுங்கள். மேலாகப் புதைப்பது புழுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுப்பதற்குச் சமம். சூடேறாத கூட்டெருக் குவியலும் அப்படித்தான். அயலவரோடு பேசி அவர்கள் பழத்தையும் சேர்த்துப் பொறுக்க முடிந்தால், பத்துப் பொறி கட்டுவதைவிட அது பெரிது. மூன்றாவது, கறுத்தக்கொழும்பானோ விலாட்டோ, காய் முற்றியவுடன் பறித்து வீட்டில் பழுக்கவையுங்கள். மரத்தில் பழுக்கவிட்டால் ஈக்குத்தான்.

தெளிப்பு வேண்டுமா என்ற கேள்வி வந்தால், பதிவு பெற்ற புரத இரைத் தெளிப்பு பற்றி உங்கள் பிரதேச விவசாயப் போதனாசிரியரிடமோ, விவசாயத் திணைக்களத்தின் 1920 ஆலோசனைச் சேவையிலோ கேளுங்கள். ஹொரணையில் பழப்பயிர் ஆராய்ச்சி நிறுவகமும் இருக்கிறது. கடைக்காரர் சொல்லும் மருந்தைக் கண்டபடி மரம் முழுவதும் அடிப்பதால் ஈயைவிடத் தேனீயும் முசுறும்தான் அதிகம் சாகின்றன.

தெரியாத ஈ விழுந்தால்

தட்டில் வழக்கமான முகம் இல்லாத ஒன்று கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். மத்தியதரைப் பழ ஈயை உதாரணமாகச் சொல்லலாம். 4, 5 மில்லிமீற்றர்தான் இருக்கும், முதுகில் வெள்ளியும் கறுப்புமாகப் புள்ளிகள், சிறகில் மஞ்சள் பழுப்புப் பட்டிகள். அது மெதைல் யூஜினோலுக்கு வராது. ஆனால் புரத இரைப் பொறியிலும், வளர்த்துப் பார்க்கும் பழப் பெட்டியிலும் வரக்கூடும். இப்படி ஏதாவது கண்டால் சிறகு முறியாமல் மென்மையான தூரிகையால் எடுத்து, 70 சதவீத மதுசாரம் உள்ள சிறு கண்ணாடிக் குப்பியில் போடுங்கள். பென்சிலால் எழுதிய துண்டைக் குப்பிக்குள்ளேயே இடுங்கள்: திகதி, இடம், எந்த மரம், எந்தப் பொறி. பேனா மை மதுசாரத்தில் கரைந்துவிடும். படம் எடுப்பதென்றால் மேலிருந்து ஒன்று, சிறகை விரித்து ஒன்று, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று.

குப்பியைப் போதனாசிரியர் வழியாக விவசாயத் திணைக்களத்துக்குக் கொடுங்கள். கட்டுநாயக்கவில் உள்ள தாவரத் தடுப்புக்காப்புச் சேவைக்கும் இது உரிய விடயம். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், அனுமதியில்லாமல் பழம், கன்று, விதை கொண்டுவருவதைத் தடுப்பது அவர்கள் பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பையில் பழம் கொண்டுவருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொண்டுவந்துவிட்டார்கள் என்றால் தோலையும் கொட்டையையும் வளவில் எறியாமல் கொதிநீரில் போட்டுவிட்டுக் குப்பைக்கு அனுப்புங்கள். அடுத்த இரண்டு மாதம் பொறியைக் கழற்ற வேண்டாம்.